முந்திச் செல்லும் உரிமை

காத்திருத்தல் எல்லோர்க்கும் ஒரே அளவான துன்பத்தைத் தருவதில்லை. நெல் மூட்டைகளை ஏற்றிய வண்டி வழியில் அரை நாள் தங்கினாலும் நெல் கெடுவதில்லை. பால் ஏற்றிய வண்டி அவ்வாறு தங்க இயலாது. மூட்டை நெல்லின் விலை குடம் பாலின் விலையினும் மிகுதியாக இருக்கலாம். ஆயினும் வழியில் நெருக்கடி நேருமாயின் பால் வண்டிக்கே முதலில் வழிவிடுதல் முறையாகும். இந்த எளிய முறையைக் கணிப்பொறிகளை இணைக்கும் பெட்டி ஒன்றிற்கு எவ்வாறு கற்பிப்பது என்பதே இன்று நான் விளக்க எடுத்துக்கொண்ட பொருள்.

அப்பெட்டிக்கு ஈதர்நெட் சுவிட்ச் என்று பெயர். சுவிட்ச் என்றதும் விளக்கை ஏற்றி அணைக்கும் பொத்தானை நினைத்துக்கொள்ளலாகாது. புகைவண்டி ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றொன்றிற்கு மாறும் இடத்திலுள்ள அமைப்பையும் அமெரிக்கர் சுவிட்ச் என்பர். நம் பெட்டி அவ்வகையைச் சேர்ந்தது. பள்ளி, மருத்துவமனை, வங்கி ஆகிய எங்கும் சுவரோரத்தில் பல கம்பிகள் வந்து சேரும் பெட்டியைக் காணலாம். கம்பிகள் வந்து பொருந்தும் துளைகளுக்குப் போர்ட் என்று பெயர். ஒரு போர்ட்டின் வழியே வரும் செய்தி எந்தக் கருவிக்கு உரியது என்று முகவரியைப் பார்த்து, அதற்குரிய போர்ட்டின் வழியே வெளியே அனுப்புவதே இப்பெட்டியின் தொழில்.

செய்தி எதுவாயினும் அது துண்டு துண்டாகப் பகுக்கப்பட்டே செல்கிறது. ஒவ்வொரு துண்டையும் பொதி என்று சொல்லுவோம். ஒரு பொதியில் சாதாரணமாக 1,500 பைட் வரை செய்தி அடங்கும். தலைப்பும் முடிவும் சேர 1,518 பைட். படமாயினும் கடிதமாயினும் குரலாயினும் சுவிட்சின் கண்ணுக்கு எல்லாம் பொதிகளே. நாமாகச் சொல்லிக் கொடுத்தாலன்றி, ‘இது பால், இது நெல்’ என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது.

தொடக்க காலத்தில் அதைச் சொல்லிக் கொடுக்கவும் வழியில்லை. 1973 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் ஈதர்நெட் முறையை வகுத்தார். டேவிட் பாக்ஸ் என்பவர் அவருக்குத் துணை நின்றார். அன்று எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே கம்பியைப் பொதுவாகப் பயன்படுத்தின. கம்பி ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து ஒருவர் பேசவேண்டும். இருவர் ஒருங்கே பேசிவிட்டால் இருவரும் நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலவேண்டும். 1983 ஆம் ஆண்டில் 802.3 என்ற எண்ணோடு இம்முறை பொதுத் தரமாக ஏற்கப்பட்டபோதும், பொதியின் தலைப்பில் ‘இது அவசரம்’ என்று குறிக்க ஓர் இடம் இருக்கவில்லை. 1990 ஆம் ஆண்டில் கல்பனா என்னும் நம் நாட்டுப் பெயர் தாங்கிய அமெரிக்க நிறுவனம் ஒன்று ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் பின் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கம்பி கிடைத்தது. கம்பியில் மோதல் குறைந்தது. ஆனால் நெருக்கடி மறையவில்லை. கம்பியை விட்டுப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

அது எவ்வாறு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். இரண்டு கட்டடங்களை உடைய ஒரு மருத்துவமனையை மனத்தில் கொள்ளுங்கள். முதற் கட்டடத்தில் உடலைக் குறுக்கே படம் பிடிக்கும் சி.டி. ஸ்கேன் கருவி இருக்கிறது. விபத்துப் பிரிவின் தொலைபேசிகளும் அங்கேயே உள்ளன. இரண்டாம் கட்டடத்தில் படங்களைச் சேமிக்கும் கணிப்பொறியும் அறுவை மருத்துவரின் அறையும் உள்ளன. கட்டடத்திற்கு ஒரு சுவிட்ச். இரண்டு சுவிட்சுகளையும் இணைக்கும் கம்பி விநாடிக்கு 10 கோடி பிட், அதாவது 100 மெகாபிட், சுமக்க வல்லது. ஸ்கேன் கருவியையும் சுவிட்சையும் இணைக்கும் கம்பியோ அதனினும் பத்து மடங்கு வேகமுடையது. தொலைபேசிகளின் குரலும் இப்போது பொதிகளாகவே இக்கம்பிகளில் செல்கிறது.

ஸ்கேன் படத்தின் ஒரு தகடு, நீளத்திற்கு 512 புள்ளியும் அகலத்திற்கு 512 புள்ளியும், புள்ளிக்கு 2 பைட்டுமாக, ஏறத்தாழ அரை மெகாபைட் ஆகும். ஒரு நோயாளிக்கு 300 தகடுகள் எடுத்தால் மொத்தம் 150 மெகாபைட்டுக்கு மேல். இதனை 100 மெகாபிட் கம்பி கொண்டு சேர்க்க 12 விநாடிக்கு மேல் ஆகும். அந்த 12 விநாடியும் அகன்ற வழியில் விரைந்து வரும் பொதிகள், ஒடுங்கிய வழியின் வாயிலில் குவிகின்றன. அவற்றைத் தற்காலிகமாகத் தாங்கிக்கொள்ள ஒவ்வொரு சுவிட்சிலும் பஃபர் என்னும் சிறு நினைவகம் உண்டு. அது 500 கிலோபைட் கொள்ளுமாயின், நிறைந்திருக்கும்போது கடைசியில் வந்து நிற்கும் பொதி தன் முறைக்காக 40 மில்லி விநாடி, அதாவது ஆயிரத்தில் 40 விநாடி, காத்திருக்க வேண்டும். நினைவகம் நிறைந்த பிறகு வரும் பொதி கீழே எறியப்படும். சுவிட்ச் அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.

எறியப்பட்டது படத்தின் பொதியாயின் குற்றமில்லை. அனுப்பிய கருவி, ‘இன்ன பொதி வந்து சேரவில்லை’ என்று அறிந்து மீண்டும் அனுப்பும். படம் ஒரு நொடி பிந்தினாலும் முழுமையாக வந்து சேரும். குரலின் நிலை வேறு. தொலைபேசி நம் குரலைப் பொதுவாக 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி, விநாடிக்கு 50 பொதிகளாக அனுப்புகிறது. வழியில் தொலைந்த துண்டை மீண்டும் அனுப்பிப் பயனில்லை; அதற்குரிய நேரம் கடந்துவிட்டிருக்கும். ஒரு துண்டு விரைவாகவும் அடுத்த துண்டு தாமதமாகவும் வந்தாலும் பேச்சு நொறுங்குகிறது. பேசுபவரின் வாயிலிருந்து கேட்பவரின் செவிக்குச் செல்ல 150 மில்லி விநாடிக்கு மேற்படாதிருத்தல் நலம் என்பது உலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் அறிவுரை. அந்தச் சிறு அளவிற்குள்ளேதான் குரலை நறுக்குவதும், வழியிலுள்ள சுவிட்சுகள் யாவற்றையும் கடப்பதும், மீண்டும் குரலாக்குவதும் அடங்கவேண்டும்.

‘பத்து மில்லிகிராம் கொடுங்கள்’ என்று மருத்துவர் சொல்லும்போது ‘பத்து’ என்ற சொல் நொறுங்கிப் போனால் விளைவு யாது என்று எண்ணிப் பாருங்கள்.

முன்னுரிமை என்பதன் பொருளை இங்கே தெளிவாக உணரவேண்டும். ஸ்கேன் படம் சிறப்பில் குறைந்ததன்று. நோயாளியின் உயிரே அதனைப் பொறுத்திருக்கலாம். ஆயினும் அது பொறுக்க வல்லது. குரல் பொறுக்க இயலாதது. எனவே குரலுக்கு வழிவிடுகிறோம். அவ்வாறு வழிவிடுவதால் படத்திற்கு நேரும் இழப்போ மிகச் சிறிது. ஒரு பேச்சிற்குத் தலைப்புகள் உட்பட விநாடிக்கு ஏறத்தாழ 90,000 பிட் போதும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசினாலும் நம் கம்பியின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கே செலவாகும். பன்னிரண்டு விநாடியில் வரும் படம் அதனால் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரமே பிந்தும். சிறிய சுமையும் பெரிய அவசரமும் உடையதற்கு முதலிடம் தருவதால் ஏனையோர்க்குத் தீங்கில்லை. பெரிய சுமையும் சிறிய அவசரமும் உடையதற்கு முதலிடம் தந்தால் எல்லோர்க்கும் தீங்கு.

இனி, இதனைச் சுவிட்சில் அமைக்கும் முறைக்கு வருவோம். அதனை ஐந்து படிகளாகக் கொள்ளலாம்.

முதற் படி, நெருக்கடி எங்கே நிகழ்கிறது என்று காணுதல். அமைப்புகளை மாற்றிக்கொள்ளத்தக்க சுவிட்சுகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் கணக்குப் பதிவேடு ஒன்று உண்டு. எத்தனை பொதிகள் சென்றன, எத்தனை எறியப்பட்டன என்பதை அது காட்டும். எறியப்பட்டவற்றின் எண் எந்தப் போர்ட்டில் ஏறுகிறதோ அங்கேதான் வரிசை நீள்கிறது. எங்கும் ஏறவில்லையாயின் முன்னுரிமையால் பெரும் பயன் விளையாது. வழி காலியாக இருக்கும்போது முந்துவதற்கு யாருமில்லை. நாள் முழுதும் ஓயாமல் ஏறுகிறதாயின், வேண்டுவது அகன்ற கம்பி. முன்னுரிமை புதிய வழியை உண்டாக்குவதில்லை; இருக்கும் வழியில் யார் காத்திருப்பது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது.

இரண்டாம் படி, பொதிகளுக்கு அடையாளம் இடுதல். 1998 ஆம் ஆண்டில் வெளிவந்த 802.1கியூ என்னும் தரம், ஈதர்நெட் பொதியின் தலைப்பில் 4 பைட் அளவுள்ள சிறு சீட்டு ஒன்றைச் செருக இடமளித்தது. பொதியின் உச்ச அளவு 1,518 பைட்டிலிருந்து 1,522 பைட்டாக உயர்ந்தது இதனால்தான். அச்சீட்டில் 3 பிட் முன்னுரிமைக்கு உரியவை. மூன்று பிட்டால் 0 முதல் 7 வரை எட்டு எண்களை எழுதலாம். 7, 6 ஆகியவை வலையமைப்பு தன்னைத்தான் காத்துக்கொள்ள அனுப்பும் செய்திகளுக்கு உரியன. குரலுக்கு 5, ஒளிப்படக் காட்சிக்கு 4 என்பது இன்றைய வழக்கு. இதில் ஒரு வியப்பு உண்டு. எல்லாவற்றிலும் தாழ்ந்தது 0 அன்று, 1 ஆகும். அடையாளம் இல்லாத சாதாரணப் பொதிகளெல்லாம் 0 என்றே கொள்ளப்படுகின்றன. அவற்றினும் பின்தங்கத்தக்க, இரவில் எடுக்கும் நகல் போன்ற வேலைகளுக்கு ஓரிடம் வேண்டுமன்றோ? அதற்கு 1 ஒதுக்கப்பட்டது. எண்ணைப் பார்த்ததும் சிறியது தாழ்ந்தது என்று கருதி அமைப்பவர், நகலெடுக்கும் வேலையை நோயாளியின் குறிப்புகளுக்கு மேலே ஏற்றிவிடக்கூடும்.

இச்சீட்டு ஈதர்நெட் கம்பி உள்ளவரைதான் உடன் செல்லும். அதற்கப்பாலும் பயணம் செய்ய வேண்டிய பொதிக்கு உட்புறத் தலைப்பில் மற்றோர் அடையாளம் உண்டு. அதனை டி.எஸ்.சி.பி. என்பர். இதுவும் 1998 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டதே. இதற்கு 6 பிட். ஆகவே 0 முதல் 63 வரை எண்கள். குரலுக்கு வழக்கமாக இடுவது 46. இந்த 46 ஐ இரண்டின் அடியில் எழுதினால் 101110 என்று வரும். அதன் முதல் மூன்று இலக்கங்களாகிய 101 என்பது 5 ஆகும். உள்ளே 46, வெளியே 5 என்று இரண்டும் பொருந்தி வருவதை இதனால் நினைவில் வைக்கலாம்.

மூன்றாம் படி, யாருடைய அடையாளத்தை நம்புவது என்று முடிவு செய்தல். அடையாளத்தை யாரும் எழுதலாம். தன் கணிப்பொறியிலிருந்து செல்லும் பொதிகள் எல்லாவற்றுக்கும் 5 என்று எழுதிவிட ஒருவர்க்குச் சிறிது அறிவும் சிறிது தன்னலமும் இருந்தால் போதும். ஆகவே, தொலைபேசி பொருந்திய போர்ட்டில் தொலைபேசி இட்ட அடையாளத்தை நம்பு. ஏனைய போர்ட்டுகளில் வரும் அடையாளத்தை அழித்து 0 என்று மாற்று. ஸ்கேன் கருவியின் போர்ட்டில் வருவதற்கு 2 என்று நீயே எழுது என்று சுவிட்சுக்குக் கட்டளை இடவேண்டும். வாயிலிலேயே இந்தச் சோதனையை முடித்துவிட்டால் உள்ளேயுள்ள சுவிட்சுகள் ஐயமின்றித் தொழில் செய்யலாம். சில சுவிட்சுகளில் முன்னுரிமை வசதி வாங்கும்போது செயற்படாத நிலையில் இருக்கும். அதனை முதலில் செயற்படுத்தாமல் அடையாளம் எத்தனை இட்டாலும் எல்லாப் பொதிகளும் ஒரே வரிசையில்தான் நிற்கும்.

நான் அறிந்த ஓர் அலுவலகத்தில் இந்த மூன்றாம் படியிலேதான் எல்லாம் கெட்டது. கணக்குப் பிரிவு தனக்கு முதலிடம் கேட்டது. ஆவணப் பிரிவும் கேட்டது. மேலதிகாரியின் அறையை விட்டுவிட யாருக்கும் துணிவில்லை. அமைத்தவர் யாரையும் வருத்த விரும்பாமல் எல்லோர்க்கும் 5 என்று எழுதிக் கொடுத்தார். எல்லோரும் முதல் வரிசைக்கு வந்தார்கள். அது பழைய ஒரே வரிசையாயிற்று. தொலைபேசியில் குரல் முன்போலவே நொறுங்கியது.

நான்காம் படி, எண்களை வரிசைகளில் சேர்த்து, வரிசைகளுக்கு முறை வகுத்தல். எண்கள் எட்டாயினும் பல சுவிட்சுகளில் போர்ட்டுக்கு நான்கு வரிசைகளே இருக்கும். நம் மருத்துவமனையில் 5 ஐ முதல் வரிசையிலும், 7, 6, 4, 3 ஆகியவற்றை இரண்டாம் வரிசையிலும், 2, 0 ஆகியவற்றை மூன்றாம் வரிசையிலும், 1 ஐ நான்காம் வரிசையிலும் சேர்க்கலாம்.

முறை வகுப்பதில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று கடும் முன்னுரிமை. முதல் வரிசையில் ஒரு பொதியேனும் நிற்கும்வரை மற்ற வரிசைகளைத் திரும்பிப் பாராமை இதன் இயல்பு. குரலுக்கு இது தகும். ஆனால் எல்லா வரிசைகளுக்கும் இதனையே வைத்தால், மேல் வரிசையில் பெருஞ்சுமை ஏறிய பொழுதில் கீழ் வரிசைகள் பட்டினி கிடக்கும். வலையமைப்பைக் காக்கும் செய்திகளும் அப்பட்டினியில் சிக்குமாயின் வலையமைப்பே நிலை குலையும். மற்றொரு வழி எடை முறை. இரண்டாம், மூன்றாம், நான்காம் வரிசைகளுக்கு 4, 3, 1 என்று எடை தருவதாகக் கொள்வோம். ஒரு சுற்றில் முதலாவது 4 பொதிகளையும் அடுத்தது 3 பொதிகளையும் கடைசி வரிசை 1 பொதியையும் அனுப்பும். ஒரு வரிசை காலியாயின் அதன் பங்கு மற்றவற்றிற்குச் செல்லும். மிக எளியவனுக்கும் எட்டில் ஒரு பங்கு உறுதி. பொதிகளின் அளவு வேறுபடும்போது, எண்ணிக்கையால் மட்டும் பகிர்ந்தால் பெரிய பொதிகளை அனுப்புவோர் மிகுதியாகப் பெறுவர். இக்குறையை நீக்கி பைட் கணக்கில் பகிரும் எளிய முறையொன்றை 1995 ஆம் ஆண்டில் ஸ்ரீதர், ஜார்ஜ் வர்கீஸ் என்னும் இருவர் வெளியிட்டனர். சுவிட்சில் அவ்வசதி இருப்பின் அதனையே தேர்ந்துகொள்வது நல்லது.

கடும் முன்னுரிமை பெற்ற வரிசைக்கும் ஓர் உச்ச வரம்பு இடுதல் வேண்டும். கம்பியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் அதற்கு விடலாகாது என்பது பொறியாளர் பலர் கொள்ளும் வழக்கு. பத்துப் பேச்சுகளுக்கு நூற்றில் ஒரு பங்கே போதும் என்று முன்னர்க் கண்டோம்; ஆகவே இவ்வரம்பால் குரலுக்குக் குறைவில்லை. பழுதுபட்ட கருவி ஒன்று பொதிகளை அருவிபோல் கொட்டத் தொடங்கினால் அப்போது இவ்வரம்பே ஏனையோரைக் காக்கும்.

முதலிடம் பெற்ற பொதியும் முற்றிலும் காத்திராமல் செல்வதில்லை. புகைவண்டிப் பாதையில் சரக்கு வண்டி அடுத்த நிலையத்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டால், பின்னே வரும் விரைவு வண்டிக்குக் கைகாட்டி இறங்காது. சரக்கு வண்டி அந்த இடைவெளியைக் கடந்தாக வேண்டும். அவ்வாறே கம்பியில் ஏறிவிட்ட பெரிய பொதி முழுதும் சென்ற பிறகே குரற்பொதி ஏறும். நம் 100 மெகாபிட் கம்பியில் இதற்கு ஆகும் நேரம் 0.12 மில்லி விநாடி, பொருட்படுத்த வேண்டுவதில்லை. விநாடிக்கு 1 மெகாபிட் மட்டுமே செல்லும் மெல்லிய வழியில் அதுவே 12 மில்லி விநாடி ஆகிவிடும். தொழிற்சாலை இயந்திரங்கள் சில இச்சிறு தாமதத்தையும் பொறாதவை. அவற்றின் பொருட்டுச் சென்றுகொண்டிருக்கும் பொதியை இடையில் நிறுத்தி அவசரப் பொதியை விடும் முறையும் 2016 ஆம் ஆண்டில் தரமாக்கப்பட்டது.

ஐந்தாம் படி, சோதித்தல். நெருக்கடி இல்லாத நேரத்தில் தொலைபேசியை எடுத்துப் பேசிவிட்டு, ‘நன்றாகக் கேட்கிறது’ என்று மகிழ்வது சோதனையாகாது. பெரிய படக்கட்டு ஒன்றை வேண்டுமென்றே அனுப்பி, அது சென்றுகொண்டிருக்கும்போது இரு கட்டடங்களிலிருந்தும் பேசிப் பார்க்கவேண்டும். ஒரு சுவிட்சில் மட்டும் அமைத்தால் ஒருவர் குரல் தெளிவாகவும் மற்றவர் குரல் நொறுங்கியும் கேட்கும். போகும் வழியின் வாயில் ஒரு சுவிட்சிலும், வரும் வழியின் வாயில் மற்றொன்றிலும் இருப்பதே காரணம். ஆகவே வழியிலுள்ள எல்லாச் சுவிட்சுகளிலும் ஒரே முறையை அமைத்தல் வேண்டும். பின்னர்ப் பதிவேட்டைப் பார்த்து, குரல் வரிசையில் எறியப்பட்டவை ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இறுதியாக, அமைப்பை நிலையான நினைவகத்தில் சேமிக்கவேண்டும். சேமிக்கத் தவறினால் பல சுவிட்சுகளில் மின்சாரம் ஒருமுறை நின்று வந்ததும் செய்த வேலை அனைத்தும் மறைந்துபோகும்.

இந்த ஐந்து படிகளில் நான்கைப் பொறியாளர் செய்து தருவார். எதற்கு எந்த எண் என்று முடிவு செய்யும் பொறுப்பை மட்டும் அவர் தலையில் சுமத்துவது முறையன்று. அம்முடிவு நிறுவனத்தை நடத்துபவருடையது. அவர் ஒரு தாளை எடுத்து, தம் நிறுவனத்தில் கம்பியின் வழியே செல்வன யாவை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எவ்வளவு நேரம் பொறுக்கும், சிறிது தொலைந்தால் மீட்க இயலுமா, அதன் சுமை எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதட்டும். அது யாருடைய அறையிலிருந்து வருகிறது என்ற நான்காவது கேள்வியை எழுதாமல் இருப்பதே அவர் செய்யவேண்டிய அரிய காரியம். அந்தத் தாள் கையில் இருந்தால் பொறியாளர்க்கு அரை நாள் வேலை. இல்லாவிடில், உரத்துக் கேட்டவர்க்கே முதல் வரிசை கிடைக்கும். விபத்துப் பிரிவின் தொலைபேசி உரத்துக் கேட்க அறியாது.